வண்டி கட்டாத தேர்தல்

தேர்தல் பிரச்சாரம் என்பது நமக்கே முழு நம்பிக்கை இல்லாத ஒன்றை நாலு தெருவுக்குக் கேட்கும்படி கத்திச் சொல்லும் தொழில். என்னைப் போலத் தகரக் குழலைப் பிடித்துத் தொண்டை கட்டிப்போன அன்பர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

நான் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டது பிரெஞ்சுக்காரன் புதுச்சேரியை விட்டுப் போன மறுவருஷம். பஞ்சாலையில் ஆட்குறைப்பு என்று என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். எங்கள் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருந்த ரத்தினம் அண்ணன் சுயேச்சையாக நின்றார். தெருவில் அடிதடி கூடாது, ஆலையில் வேலை வேண்டும், கூப்பிட்டால் போலீஸ் வரவேண்டும். அவர் பேசியது இவ்வளவுதான். அதைக் குழலில் ஊதும் பொறுப்பு எனக்கு வந்தது.

தேதி என்ன?

அதற்கு முன்னால் எங்கள் ஊர்த் தேர்தல் எப்படி நடந்தது என்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் கதை விடுகிறான் என்பார்கள். சோடா பாட்டில் பறக்கும். கூரை எரியும். ஜெயித்தவனின் ஆட்கள் தோற்றவனின் தெருவுக்குள் புகுந்து கண்ணில் பட்டவனையெல்லாம் உதைப்பார்கள். அதனால் எங்கள் தெருவில் ஒரு பழக்கம் இருந்தது. ஓட்டுப்பதிவுக்கு முன்பே பெண்டுபிள்ளைகளை வண்டியேற்றி, எல்லை தாண்டி, கடலூரிலோ விழுப்புரத்திலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிடுவார்கள். எல்லாம் அடங்கிய பிறகுதான் திரும்பி வருவார்கள்.

வீடு வீடாகப் போய் ரத்தினம் அண்ணனின் கொள்கைகளை விளக்கினேன். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அஞ்சலை அக்கா பிள்ளைச்சாவடியிலிருந்து எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். கூடையை இறக்கி வைத்துவிட்டு நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். அட, ஒரு ஓட்டு தேறிவிட்டது என்று எனக்கு ஒரே பூரிப்பு. கடைசியில் அவர் கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, ஓட்டு என்னிக்கின்னு சொல்லு. இப்பத்தான் செக்போஸ்ட்ட எடுத்துட்டானே, இந்த வாட்டி சுருக்கா கடலூர் போயிடலாம்."

சொல்தாவின் ஓட்டு

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனில் வாழ்கிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். எங்கள் தெருச் சொல்தா அருளப்பர், வெயிலானாலும் கோட்டுப் போடாமல் வாசலுக்கு வரமாட்டார். "மிசே, இந்தத் தடவை உங்கள் ஓட்டை நீங்களே போடலாம்" என்று பிரெஞ்சு மரியாதை வைத்து, குழலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பணிவாகச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. முன்பெல்லாம் அவர் ஓட்டுச்சாவடிக்குப் போவதற்குள் அவர் பெயரில் யாராவது ஓட்டைப் போட்டு முடித்திருப்பார்களாம்.

அது அநியாயம் இல்லையா என்று கேட்டேன். மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "என்னாத்த அநியாயம்? இத்தினி வருஷமா அவங்களே போட்டாங்க, நான் போட்ட ஆள் ஒரு வாட்டிகூட தோத்ததில்ல."

எந்தப் பக்கம் பார்க்கக்கூடாது?

மூன்றாவது கொள்கை போலீஸ். சிவப்புத் தொப்பி கண்ணப்பன் எங்கள் வட்டாரத்துப் போலீஸ்காரர். பிரெஞ்சுக்காரன் காலத்திலும் அவர்தான், இப்போதும் அவர்தான், தொப்பியும் அதேதான். ரத்தினம் அண்ணனும் நானும் அவரைப் பார்த்து, தேர்தலன்று கலாட்டா வந்தால் உடனே வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். மனுஷர் நல்லவர். கடைப் பெஞ்சில் உட்காரவைத்துக் காப்பி வாங்கிக் கொடுத்தோம்.

காப்பியைக் குடித்து முடித்தவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, உண்மையிலேயே கவலையோடு கேட்டார்: "அதுக்கில்லீங்க. எப்பவும் முன்னாடியே சொல்லிடுவாங்க. இந்த வாட்டி யார் அடிக்கிறப்ப நாங்க வேற பக்கம் திரும்பிக்கணும்னு இன்னும் யாரும் சொல்லலியே?"

வேலை போனவர்

வேலைவாய்ப்பு பற்றி நாங்கள் போட்ட கூட்டத்துக்கு வேலையில்லாத எல்லோரும் வந்தார்கள். கூட்டம் முடிந்ததும் ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்து நின்றார். பார்த்ததும் குழலைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டேன். சோடா மணி! அந்தப் பெயர் அவருக்கு ஏன் வந்தது என்பதை எங்கள் தெருவில் பல பேரின் மண்டைத் தழும்பு சொல்லும். எந்தக் கட்சி கூப்பிட்டாலும் போவார், பாரபட்சம் கிடையாது.

அடிக்க வரவில்லை, மனு கொடுக்க வந்திருக்கிறார் என்று புரியச் சற்று நேரமாயிற்று. ரத்தினம் அண்ணன் யோசித்து, தேர்தலன்று சாவடிக்கு வெளியே வரிசையில் நிற்பவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலையை அவருக்குத் தந்தார். எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. மணியோ கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "அடிதடி வாணாம் வாணாம்னு நீங்க பேசிப் பேசி இந்த வாட்டி என்னிய ஒருத்தனும் கூப்புடல. என் பொழப்புல மண்ணப் போட்டீங்க, மொத வேல எனக்குத்தான குடுக்கணும்?"

கடலூர் வண்டி

இங்கேதான் நான் வசமாகச் சிக்கினேன். என் மனைவி சரோஜாவுக்கு அப்போது நிறைமாதம், தலைப்பிரசவம். தெருப் பெண்கள் கூடிப் பேசி, அஞ்சலை அக்கா வாயால் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: சரோஜா இருந்தால் நாங்களும் இருக்கிறோம், சரோஜா போனால் நாங்களும் போகிறோம். அவள் வண்டியேறினால் தெருவே காலி, ஓட்டும் காலி. அவள் இருந்து, ஒரு கல் விழுந்துவிட்டால்? அதற்குமேல் நினைக்கவே எனக்குத் தைரியமில்லை. பகலெல்லாம் "யாரும் போகாதீர்கள்" என்று குழலில் கத்திவிட்டு, கடலூரிலிருக்கும் மாமனாருக்கு ரகசியமாக ஆள் அனுப்பி வண்டி வரச் சொன்னேன்.

வண்டி வாசலில் வந்து நின்றது. எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் ஒருக்களித்துத் திறந்தன. சரோஜா மூட்டையை எடுக்கவில்லை. "ஏங்க, அடி விழுமா, விழாதா?" என்று நேராகக் கேட்டாள். தெருவுக்கே பதில் சொன்ன நான் வண்டிச் சக்கரத்தைக் குனிந்து பார்க்கப் போய்விட்டேன். அவள் வண்டிக்காரருக்கு மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "பொண்டாட்டி காதுல சொல்ல முடியாதத ஏன் ஊர் காதுல ஊதினீங்க? ஊதிட்டீங்க இல்ல, இனிமே நின்னுதான் பாக்கணும்."

சத்தம்

தேர்தல் நாள். சாவடி பள்ளிக்கூடத்தில். கடலூர் போகாத எங்கள் தெரு முழுதும் வரிசையில் நின்றது. நடுவில் சரோஜா, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அஞ்சலை அக்கா, பின்னால் கோட்டுப் போட்ட சொல்தா.

வெயில் ஏறும் நேரத்தில் டமார் என்று ஒரு சத்தம். வரிசை சிதறியது. அஞ்சலை அக்கா சரோஜாவை இழுத்துச் சுவரோரம் தள்ளி, குறுக்கே நின்றுகொண்டார். எனக்கு உயிரே போய்விட்டது. சிவப்புத் தொப்பி ஓடியது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஆனால் கண்ணப்பன் சத்தம் வந்த திசையைப் பார்த்து ஓடினார்! எங்கள் ஊரில் அப்படி ஒரு காட்சியை நான் அதுவரை கண்டதில்லை. நானும் பின்னாலேயே ஓடினேன்.

அங்கே பெரிய தண்ணீர்ப் பானை தூள் தூளாகக் கிடந்தது. நடுவில் இடுப்புவரை நனைந்து சோடா மணி. கண்ணப்பன் லத்தியை ஓங்குவதற்குள் அவர் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார். "சத்தியமா கை தவறிப்போச்சுங்க! இதுக்கு என்னிய யாரும் அனுப்பல!"

ரிசல்ட்

சிதறிய வரிசை சிரித்துக்கொண்டே மறுபடி சேர்ந்தது. சரோஜா ஓட்டுப் போட்டாள். சொல்தாவும் போட்டார். எண்ணிப் பார்த்ததில் ரத்தினம் அண்ணன் தோற்றுப்போனார். ஜெயித்தவரின் ஊர்வலம் எங்கள் தெரு வழியாக வருகிறது என்றதும் பழைய ஞாபகத்தில் கதவுகள் சாத்திக்கொண்டன. ரத்தினம் அண்ணன் மட்டும் கடையைத் திறந்து வைத்து, ஒரு டயருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். மேளம் வந்தது, மாலை போட்டுக்கொண்டு ஜெயித்தவர் வந்தார், கடை வாசலில் நின்று கும்பிட்டார், போய்விட்டார். அவ்வளவுதான். மேளச் சத்தம் தேய்ந்து ஒவ்வொரு கதவாகத் திறந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து, தோற்றுவிட்டோம் என்றேன். சரோஜா என் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். காயம் ஏதும் இல்லை. பெரிதாக ஒரு மூச்சு விட்டு, சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "இப்ப வரச் சொல்லுங்க எங்கப்பா வண்டிய. புள்ளப் பெத்துக்க எங்கம்மா வீட்டுக்குப் போறேன். பயந்து போறதா இனிமே எவளும் சொல்லமாட்டா."

ஆக, எங்கள் தெருவில் தேர்தலில் தோற்று, தலையில் ஒரு கட்டுகூட இல்லாமல், சொந்த வீட்டில் சுடச்சுடச் சாப்பிட்ட முதல் பிரச்சாரகன் நான்தான்.