கல்யாண மாசமும் கிராஜுவிட்டியும்

1. ஸ்டெல்லாவின் லெட்டர்

குலசேகரம் பக்கம் ஒரு அண்டி ஆபீசில், அதாவது முந்திரிப் பருப்பு கம்பெனியில், முப்பத்தாறு வருசம் வேலை பார்த்தேன். கொட்டை உடைக்கச் சேர்ந்தவள், சூப்பர்வைசராக வேலையை விட்டு இறங்கினேன். படிப்பு மூன்றாம் கிளாஸ். இதை எழுதி முடிக்க ஒரு வாரம் ஆனது. ஆனாலும் கையெழுத்து என்னுடையதுதான்.

வேலையை விடுகிறவளுக்கு, பார்த்த ஒவ்வொரு வருசத்துக்கும் பதினைந்து நாள் கூலி கிராஜுவிட்டி. முப்பது நாளுக்குள் கொடுக்கணும். பருப்புத் தோல் எடுக்கிற ஸ்டெல்லா, வேலையை விடுகிறேன் என்று லெட்டர் கொடுத்தாள். ஓணம் கழிந்து மகளுக்குக் கல்யாணம், நகைக்கடையில் அட்வான்சும் கொடுத்துவிட்டாள். மீதிக்கு இந்தப் பணம்தான்.

கணக்கு பார்க்கிற சார் நாகர்கோவில்காரர், சின்ன வயசு. லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார்.

"அக்கா, இந்த வருசம் அம்பத்தெட்டு வயசு முடியுது ரெண்டு பேருக்கு. அவங்களுக்கு மட்டும்தான் ரூபா ஒதுக்கி வச்சிருக்கேன். பாக்கி ரூபா கொட்டை வாங்கப் போயாச்சு. மூணு மாசம் பொறுக்கச் சொல்லுங்க."

"மாப்பிள்ளைய மூணு மாசம் பொறுக்கச் சொல்லட்டா சாரே?"

2. காலண்டர்

"நம்ம ஆபீசுல அம்பத்தெட்டு பாத்து எவ போயிருக்கா?" என்று கேட்டேன். மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தால் லெட்டர் கொடுப்பாள். கல்யாணம் முடிந்ததும் வேறு ஆபீசில் புதுசாகச் சேர்ந்துகொள்வாள். இங்கே வழக்கம் அதுதான். அவர் லேப்டாப்பில் பிறந்த தேதி இருந்தது, மகள்கள் இல்லை.

"ஸ்டெல்லாவுக்கு மூணு மாசம்னு வெளிய தெரிஞ்சா, நம்ம ரூபாயும் வராதோன்னு பயந்து நாளைக்கே எல்லாவளும் லெட்டர் நீட்டுவாளுவ. அப்ப என்ன செய்விய?"

அவர் முகம் மாறிவிட்டது. "இன்னும் எத்தனை பேரு அக்கா?"

சுவர்க் காலண்டரை எடுத்து, என்னிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தவளுகளின் கல்யாண மாசத்தில், ஆளுக்கு ஒரு புள்ளி வைத்தேன். ஐப்பசியில் ஒன்று, தையில் மூன்று, சித்திரையில் இரண்டு. ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் எத்தனை வருச வேலை என்று எழுதினேன். அதையும் இருபது, இருபத்தைந்து என்று தோராயமாகத்தான் எழுதினேன். சரியாக எழுதினால் ரிஜிஸ்டரைப் பார்த்து ஆளைப் பிடித்துவிடுவார்.

"பேரைச் சொல்லுங்கக்கா, எக்செல்ல போடணும்."

"பேரு கேக்காதிய. மாப்பிள்ளை வீட்டுக்காரன் இன்னும் கை நனைச்சு உறுதி பண்ணல. நாளைக்கு அவ லோன் கேட்டா, போறவளுக்கு என்னத்துக்குன்னு சொல்லுவிய."

"என்னை நம்ப மாட்டியளா?"

"ரூபாய்க்கு நம்புவேன் சாரே. இதுக்கு மாட்டேன்."

3. ஒரு புள்ளி

அந்தப் பணத்துக்காக முதலாளி, விலை ஏறட்டும் என்று வைத்திருந்த பருப்பு டின்னில் கொஞ்சத்தை, வந்த விலைக்கு விற்றார். ஸ்டெல்லாவுக்கு இருபத்தேழாம் நாள் செக் வந்தது. எல்லாரும் பார்க்கத்தான் கொடுக்கச் சொன்னேன்.

"ஏட்டி, தொகை சரியான்னு பாத்து வாங்கு" என்றேன்.

"நீங்க பாத்தியளா, அது போதும்" என்று மடியில் செருகினாள். செக்கை மடக்காதே என்று சார் பதறினார். அன்று தோல் எடுக்கிற இடத்தில் ஒரே சிரிப்பு. அதற்குப் பிறகு யாரும் பயந்து லெட்டர் நீட்டவில்லை. மாசாமாசம் எவ்வளவு ஒதுக்கணும் என்று சார் புள்ளியைப் பார்த்தே கணக்குப் போட்டார்.

சித்திரை முடிந்தது. ஆறு புள்ளிக்கு ஐந்து பேர்தான் வந்தார்கள்.

"ஒண்ணு தப்பிப் போச்சே அக்கா" என்று சார் சீண்டினார்.

"தப்பட்டும் சாரே. அந்த ரூபாயத் தொடாதிய."

வராதவளின் மகளுக்குப் பேசிய சம்பந்தம் கலைந்துபோயிருந்தது. ஆபீசில் என்னைத் தவிர ஒருத்திக்கும் தெரியாது. அவள் வழக்கம்போல வந்து உட்கார்ந்து தோல் எடுத்தாள். யாரும் துக்கம் கேட்கவில்லை, யாரும் வாயைப் பொத்திக்கொண்டு பேசவும் இல்லை.

இந்த மாதிரிக் கணக்குப் போட வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: எவள் எப்போது போவாள் என்பது அவள் வாயிலிருந்துதான் வரணும். அவள் வாய் திறக்கிற மாதிரி நீங்கள் நடக்கணும். மறு வருசம் காலண்டர் மாற்றியபோது, முதல் ஆளாக வந்து என் காதில் மாசம் சொன்னது, தப்பிப்போன அந்தப் புள்ளிக்காரிதான்.