அந்த ஆளை எழுப்புங்க

இது நிஜமாக நடந்தது. நம்பாதவர்கள் திருவையாற்றுப் பக்கம் போய் மங்களாம்பிகையையே கேட்டுக்கொள்ளலாம். அவளுக்குப் பொய் வராது. குடும்பத்துக்குத் தேவையான பொய்யை எல்லாம் அவள் புருஷன் பஞ்சநதமே சொல்லிவிடுவார்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம், குறுவை அறுப்புச் சமயம். பஞ்சநதத்துக்கு இதயத்தில் செயற்கை வால்வு. ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை. தலையில் அடிபட்டால், வெளியே சொட்டு ரத்தம் வராவிட்டாலும் உடனே வந்துவிட வேண்டும், உள்ளே கசிந்துகொண்டே இருக்கும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அன்று காலை மாட்டுக்கொட்டகை வாசல் நிலையில் மண்டையை இடித்துக்கொண்டார். கார் கூப்பிடலாம் என்றாள் மங்களாம்பிகை. ரத்தமா கொட்டுகிறது, டாக்டர்களுக்கு வேறு பிழைப்பில்லை என்று இளக்காரமாகச் சிரித்தார்.

முந்தின நாளும் அதே சிரிப்புதான். நில உச்சவரம்புச் சட்டத்தில் அவர் நிலத்திலிருந்து பண்ணையாள் வீரையனுக்குக் கிடைத்தது அரைக் காணி. அதன் வரப்பை வருஷா வருஷம் செதுக்கித் தன் பக்கம் சேர்த்துக்கொள்வார். தட்டிக்கேட்ட வீரையனைத் தள்ளிவிட்டார். மதகுக் கல்லில் தலை மோதியது. வீரையனும் வால்வு வைத்தவன், அதே மாத்திரை தின்கிறவன். நடிக்கிறான், அக்கரையில் மகள் வீட்டில் போய்ப் படுக்கட்டும் என்று விரட்டினார்.

மத்தியானம் தலைவலி என்று படுத்தார். உச்சி வெயில். கொல்லைப்பக்கம் இருமல் சத்தம்... மங்களாம்பிகை எட்டிப் பார்த்தாள்.

வீரையன் நின்றான்.

நாய் தலையைத் தூக்கவில்லை. மற்ற நாளில் சங்கிலியை அறுக்கும்.

எப்போதும் கக்கத்தில் இடுக்கும் துண்டு, தோளில் கிடந்தது.

காலெல்லாம் சேறு. கழுவிவிட்ட தரையில் தடமே இல்லை...

"அந்த ஆளை எழுப்புங்க."

"ஐயா தூங்குறாரு வீரையா. சாயங்காலம் வா."

"இப்பவே எழுப்புங்கம்மா. அந்தாளு அங்க வந்துடக் கூடாது. அங்கயும் வந்து வரப்பைச் செதுக்கும்."

குடித்திருக்கிறான் என்று நினைத்தாள். ஆனாலும் ஓடினாள். உலுக்கினாள்.

கண் திறந்தது.

ஒரு கண்.

வாய் கோணியிருந்தது...

தஞ்சாவூரில் ரத்தம் உறைய ஊசி போட்டு, மண்டையைத் திறந்து உள்ளே தேங்கியதை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தூங்கவிட்டிருந்தால் எழுந்திருக்க மாட்டார் என்றார் டாக்டர்.

அதே ஆஸ்பத்திரியின் பிணவறை வாசலில் வீரையன் மகள் அம்சம் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்கு விடியறதுக்குள்ள அப்பா போயிட்டாரும்மா. தூங்குறாருன்னு நினைச்சு நாங்க யாரும் எழுப்பல."

பஞ்சநதத்துக்கு இப்போது எண்பத்தேழு. கோணல் வாயோடு இன்னமும் ஆள் வைத்து அந்த வரப்பைச் செதுக்குகிறார். அதற்குப் பிறகு மூன்று தரம் சாகக் கிடந்தார். மூன்று தரமும் நாய் அடங்கிப் போனது. கொல்லைப்பக்கம் இருமல் கேட்டது. மங்களாம்பிகை ஓடிப்போய் அவரை எழுப்பினாள்.

மூன்றாவது தரம், ஒருத்தர் இருமல் இல்லை... பல பேர்.