மழை குடித்த கிழங்கு

நான் படித்த படிப்பை என்னவென்று சொல்வது என்று எங்கள் ஊரில் யாருக்கும் பிடிபடவில்லை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் கல்லூரி. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் சேகோ பேக்டரி. குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்கிற மரவள்ளிக் கிழங்கை அரைத்து, மாவெடுத்து, ஜவ்வரிசி ஆக்குகிற ஆலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். கல்லூரிக்கும் சில பேக்டரி முதலாளிகளுக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. பிள்ளைகள் மூன்று வருடம் அங்கே பாடமும் இங்கே வேலையும் கற்க வேண்டும். இரண்டு இடத்துக் கையெழுத்தும் சேர்ந்தால் பி.எஸ்ஸி. பட்டம். இரண்டாயிரம் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கிய புதுப் படிப்பு அது. கொல்லிமலையிலிருந்து சேர்ந்தது நான் ஒருத்திதான்.

கல்லூரியில் மற்ற வகுப்புக்காரர்கள் எங்களை ‘பேக்டரி செட்டு’ என்றார்கள். பேக்டரியில் மூட்டை தூக்குகிறவர்கள் ‘காலேஜம்மா’ என்றார்கள். மலைமேல் வாழவந்தி நாட்டில் எங்கள் ஊர்க்காரர்கள் அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம், “ஏனுங்க, புள்ள வேலைக்குப் போவுதா, படிக்கப் போவுதா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கேட்டவர்களுக்குப் பதில் தேவைப்படவில்லை, கேட்பதுதான் பிடித்திருந்தது.

“ரெண்டும் ஒண்ணுதானுங்க. கையில செய்யறதயே காயிதத்துலயும் படிக்குது,” என்பார் அப்பா. எங்கள் கல்லூரி முதல்வர் பெற்றோர் கூட்டத்தில் அரை மணி நேரம் பேசியும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

முதல் ஆறு மாதம் மாவு படிகிற தொட்டிகளுக்குப் பக்கத்தில் புளிப்பு நாற்றத்தில் நின்றேன். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வாடை போகாது. திங்கட்கிழமை வகுப்பில் பக்கத்துப் பெண் மூக்கைத் தடவிக்கொள்வாள், நான் பார்க்காததுபோல் இருப்பேன். தை மாதம் மேனேஜர் என்னைப் பாயிண்ட் தராசுக்கு மாற்றினார். அன்றிலிருந்து எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்தது உண்மை.

மரவள்ளிக்கு எடை மட்டும் போதாது, எவ்வளவு மாவு இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். லாரியிலிருந்து ஐந்து கிலோ கிழங்கு எடுத்து, கழுவித் துடைத்து, கூடையில் போட்டுத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை போடுவோம். மாவு அதிகமென்றால் தண்ணீருக்குள்ளும் கனக்கும். தராசு முள் காட்டுகிற எண்தான் பாயிண்ட். இருபத்தெட்டு வந்தால் அருமையான கிழங்கு. மழை குடித்த கிழங்கு இருபத்துமூன்றுக்கு இறங்கிவிடும். பாயிண்டைப் பொறுத்துத்தான் விலை. தராசருகில் நிற்கிறவர் எண்ணைச் சத்தமாகச் சொல்ல, மேசையில் இருக்கிற கிளார்க் தலை நிமிராமல் எழுதிக்கொள்வார்.

மலைக்காரர்களுக்கு இந்தப் பாயிண்ட்மீது எப்போதும் சந்தேகம். ‘பாயிண்ட திருடறானுங்க’ என்பது மலைமேல் சோளக்காடு ஊர் டீக்கடையில் அன்றாடப் பேச்சு. நான் தராசுக்கு வந்தபிறகு அந்தப் பேச்சு கொஞ்சம் அடங்கியது. நம்ம புள்ள நிக்குது என்று சொல்லி, எங்கள் ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு லாரி பிடித்து, வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பேக்டரிக்கே லோடு கொண்டுவந்தார்கள். அப்பாவும் வருவார்.

அந்த வெள்ளிக்கிழமைகளைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது. லோடு இறங்குகிற நேரத்தில் எனக்கு டீ இடைவேளை, பத்து நிமிடம். லாரி நிழலில் அப்பாவும் நானும் உட்காருவோம். மடியிலிருந்து மலைவாழைப்பழம் எடுத்துத் தருவார், உரித்துத்தான் தருவார். “இந்த வாரம் காலேஜுல என்ன சொன்னாங்க கண்ணு?” என்பார். மாவு ஏன் தண்ணீரில் படிகிறது, சூட்டில் ஏன் கூழாகிறது என்று நான் அள்ளிவிடுவேன். பாதி அவருக்குப் புரியாது. புரிகிற பாதியில் குறுக்குக் கேள்வி கேட்பார், அதற்கு எனக்குப் பதில் தெரியாது. திங்கட்கிழமை அந்தக் கேள்வியை வகுப்பில் என் கேள்விபோலக் கேட்டு மேடத்திடம் நல்ல பெயர் வாங்கிக்கொள்வேன்.

விடுதியிலிருந்து ஊருக்கு வருடத்தில் மூன்று நான்கு முறைதான் போக முடிந்தது. ஞாயிறு ஒருநாள் விடுமுறையில் மலையேறி இறங்கவே பொழுது போய்விடும். போனாலும் வீட்டில் அப்பா மாட்டுக்கும் மிளகுக்கொடிக்கும் சொந்தக்காரர்களுக்கும் பங்கு போய்விடுவார். லாரி நிழலில் இருந்த அப்பா எனக்கு மட்டுமே ஆனவர். அவரைப்போல் வேறு யாரும் என் படிப்பைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை.

இரண்டாம் வருடம் ஐப்பசியில் விடாத மழை. அந்த வெள்ளிக்கிழமை லாரி வந்தபோது கிழங்கெல்லாம் சேறு. எங்கள் ஊர்க்காரர் இருவருடைய கிழங்கை முதலில் போட்டேன். ஒருவருக்கு இருபத்துமூன்று, இன்னொருவருக்கு இருபத்திரண்டு. அவர்கள் முகம் தொங்கிப்போனது, ஆனாலும் பாயிண்ட் எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டார்கள். நான் சொன்னால் சரி என்று இருந்தார்கள்.

அடுத்தது அப்பாவின் கிழங்கு. கூடையில் போடும்போதே, “ரெண்டு மழ குடிச்ச கெழங்கு கண்ணு. இருவத்திமூணு வந்தா பெருசு,” என்றார். முள் இருபத்துமூன்றில் நின்றது. அப்பாவின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை, “இருபத்தஞ்சு” என்று கிளார்க் பக்கம் திரும்பிக் கத்தினேன். அவர் எழுதிக்கொண்டார்.

அப்பா முள்ளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஊர்க்காரர்கள் இருவரும் தங்கள் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே மலை, அதே மழை, அதே லாரி. அன்று அப்பா டீ குடிக்கவில்லை. “நேரமாச்சு சாமி, வாரேன்,” என்று லாரியில் ஏறிக்கொண்டார். பழம் கொடுக்கவும் மறந்துவிட்டாரோ என்றுதான் அப்போது நினைத்தேன். எனக்குப் புத்தி அவ்வளவுதான் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை லாரி வந்தது, அப்பா வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. டிரைவரிடம் கேட்டேன். “உங்கப்பா இப்ப ஆத்தூர் பக்கம் வேற பேக்டரிக்கு லோடு போடறாருங்க. வேற லாரி,” என்றார். ஏன் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை, காரணம்தான் எனக்குத் தெரியுமே.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பா எப்போதும்போலத்தான் இருந்தார். சாப்பிட்டாயா என்றார், இளைத்துவிட்டாய் என்றார். பேக்டரி பற்றி ஒரு வார்த்தை இல்லை, காலேஜில் என்ன சொன்னார்கள் என்ற கேள்வியும் இல்லை. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அவர் கோபப்படாததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை டீ இடைவேளையில் மலை லாரி எதுவானாலும் அதன் முன்சீட்டை எட்டிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. கிளார்க்குகூட ஒருநாள், “யாரத் தேடறீங்க காலேஜம்மா?” என்று கேட்டுச் சிரித்தார். அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

இதற்கிடையில் என் பொய் தானாக வளர்ந்துகொண்டிருந்தது. பேக்டரியில் எடுக்கிற பாயிண்டுகளைக் கல்லூரிக்குக் கொண்டுபோய் வரைபடம் போடுவது எங்கள் பாடத்தில் ஒரு பகுதி. மழை கூடக்கூட பாயிண்ட் இறங்குவதைப் புள்ளி புள்ளியாகக் காட்ட வேண்டும். எந்த ஊர்க் கிழங்கு என்று அதில் எழுதுவதில்லை. என் தாளில் மற்றப் புள்ளிகளெல்லாம் ஒழுங்காக இறங்கின. அப்பாவின் இருபத்தைந்து மட்டும் தனியாக மேலே நின்றது. மேடம் அதைச் சுற்றி வட்டம் போட்டு, “இது மட்டும் ஏன்மா இறங்கலை?” என்றார்.

“மலைக்கிழங்கு மேடம். மலை மண்ணு வேற,” என்றேன்.

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மேடத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. மலைக்கிழங்கு மழை தாங்குகிறது என்றால் அது பெரிய விஷயம் என்றார். மூன்றாம் வருட புராஜெக்டுக்கு நீ அதையே எடு, உங்கள் தோட்டத்திலேயே மழைக்குப் பின் கிழங்கு பிடுங்கிப் பாயிண்ட் பார், என்றார். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. தராசை விட்டு இறக்கிவிடுவார்கள், பட்டம் கிடைக்காது என்று பயம்.

மூன்றாம் வருடக் கார்த்திகையில், நல்ல மழை பெய்து ஓய்ந்த வாரம், பேக்டரியில் சின்னத் தராசு ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு மடியில் அது சங்கிலிச் சத்தம் போட்டது. “ஏனுங்க, தராசுக்கும் டிக்கெட் எடுக்கோணும்,” என்று கண்டக்டர் கேலி செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவின் முன்னால் இதைத் தொங்கவிட வேண்டுமே என்ற நினைப்புத்தான் சோளக்காடு வரைக்கும்.

மறுநாள் காலையில் அப்பாவிடம் வந்த காரியத்தைச் சொன்னேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் குச்சிக்கிழங்குக் காட்டுக்குக் கூட்டிப்போனார். ஈர மண்ணில் நான்கு செடியைக் கையால் பிடுங்கினார். அண்டாவில் தண்ணீர் நிரப்பினேன். கிழங்கைக் கழுவித் துடைத்தவர் அவர்தான், பேக்டரியில் நான் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தார். பலா மரக்கிளையில் தராசைக் கட்டி, கூடையைத் தண்ணீருக்குள் இறக்கினேன். முள் ஆடி ஆடி நின்றது.

அப்பா முள்ளைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். “சத்தமாச் சொல்லு கண்ணு,” என்றார்.

“இருபத்திமூணுங்கப்பா.”

“அன்னிக்கும் அதான்,” என்றார்.

எனக்கு அழுகை வந்தது. “அதுக்குத்தான் வர்றத நிறுத்திட்டீங்களா? எம்மேல அவ்வளவு கோவமா?”

“கோவமெல்லாம் இல்ல சாமி. நா வந்தா நீ மறுக்காவும் கூட்டித்தான் சொல்லுவ. கூட வந்தவன் மூஞ்சிய அப்பறம் நா எப்பிடிப் பாக்கறது? உம் படிப்பு என்னாவறது?”

“மாட்டேம்ப்பா” என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் பொய்யாகியிருக்கும். அவர் நனைந்த சட்டையோடு வந்து நின்றால் நான் கூட்டித்தான் சொல்லியிருப்பேன். அது அவருக்கும் தெரிந்திருந்தது, எனக்கும் தெரிந்திருந்தது.

“என்னப் பாக்கோணும்னு தோணவே இல்லீங்களா?”

அவர் கூடையிலிருந்த கிழங்கை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். “ஆத்தூர் லாரி உங்க பேக்டரி வாசல் வழியாத்தான கண்ணு போவுது,” என்றார்.

ஒரு வருடமாக அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறார். நான் முன்சீட்டுகளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அதே வாசல். “நிறுத்தச் சொல்லலாமில்லீங்களா?” என்றேன்.

“நிறுத்துனா எறங்குவேன். எறங்குனா அடுத்த வாரம் லோடோட வருவேன். நீ தராச விட்டு வேற வேலைக்கு மாறுனாச் சொல்லியுடு. அந்த வெள்ளிக்கெழமையே வாரேன்.”

திங்கட்கிழமை மேடத்திடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு அந்தப் புள்ளியைத் தன் கையாலேயே ரப்பர் வைத்து அழித்து, புராஜெக்டுக்கு வேறு தலைப்புக் கொடுத்தார். பேக்டரிக்கும் அவரே பேசினார். மேனேஜர் கூப்பிட்டுத் திட்டினார், ஒரு தடவை என்பதால் விடுகிறேன் என்றார். பட்டம் தப்பியது.

அன்றைக்கே அவரிடம், என்னை உலர்களத்துக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டிருக்கலாம். உடனே மாற்றியிருப்பார். அதைக் கேட்கத்தான் அவர் மேசைக்கு முன்னாலேயே நின்றேன். வெளியே லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஜன்னல் வழியாக என்னைப் பார்த்ததும் ஒரு பெரியவர், “தராசம்மா வந்துருச்சு, இனிக் கவலையில்ல,” என்றார். என் வயதில் என் ஊரில் எந்தப் பெண்ணுடைய சொல்லுக்கும் அத்தனை ஆம்பிளைகள் காத்து நின்றதில்லை. மேனேஜர், “வேற என்னம்மா?” என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் தராசுக்குப் போனேன்.

அடுத்த வாரம் கேட்கலாம், பரீட்சை முடியட்டும் கேட்கலாம் என்று நாள் போனது. பட்டம் வாங்கியதும் அந்த பேக்டரியே என்னை வேலைக்கு வைத்துக்கொண்டது, அதே தராசுக்கு. வெள்ளிக்கிழமை தோறும் அப்பாவுக்காக ஏங்கியதில் துளிப் பொய் இல்லை. ஆனால் ஆத்தூர் லாரி வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் தராசருகில்தான் நின்றிருந்தேன், மேனேஜரிடம் அந்த ஒரு வார்த்தையைக் கடைசிவரை கேட்கவே இல்லை.