இழுக்கிற வண்டியும் தள்ளுகிற வண்டியும்

அவருக்குக் கோணல் என்றால் ஆகாது. கார்களின் சக்கரங்களை நேர்படுத்துவதுதான் தொழில். அளவு அரை மில்லிமீட்டர் பிசகினாலும் வண்டியைக் கடையைவிட்டு வெளியே விடமாட்டார் என்பதால் அரைமில்லி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மூத்த மகள் பிறந்த அன்று பிரசவ அறைக்கு வெளியே காத்திருந்தபோது, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கீச்சிட்டுப் போன மருந்துத் தள்ளுவண்டி அவர் கண்ணில் பட்டுவிட்டது. நர்ஸ் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு அப்பாவைத் தேடினார். அப்பா தள்ளுவண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார்.

இப்படிப்பட்டவரிடம் ஒரு சிவப்புக் கூப்பே இருந்தது. நீண்ட மூக்கு, இரண்டே கதவு, எஞ்சினின் பலமெல்லாம் பின்சக்கரங்களுக்கு. எவனோ சுவரில் மோதி நசுக்கிப் போட்டதை வாங்கி, ஆறு வருட ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குத் தின்னக் கொடுத்து எழுப்பி நிறுத்தியிருந்தார். பின்னால் இருக்கை என்ற பெயரில் இரண்டு பள்ளங்கள். அவற்றில்தான் இரண்டு மகள்களும் மாமனாரும் உட்கார வேண்டும். மாமனார் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஆறடிக்கு மேல் உயரம், வலது முழங்கால் மடங்காது. ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் அவரை வெளியே எடுக்கப் பத்து நிமிடம் ஆனது. பின்னால் ஏழு வண்டிகள் ஹாரன் அடித்தன. மாமனாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் மகளுக்கு, அதாவது அரைமில்லியின் மனைவிக்கு, வரவில்லை.

அவருக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எண்ணைப் பார்த்தால் நம்புவார், பேச்சைக் கேட்டு நம்பமாட்டார்.

"இதை வித்துட்டு நாலு கதவு இருக்கிற வண்டியா ஒண்ணு பாருங்க," என்றார் அன்று.

"இதை மாதிரி வண்டி ரேஸ் டிராக்ல ஓடினா வேற எதுவும் கிட்ட நிக்காதும்மா."

"அப்படியா. உங்க தங்கச்சி வீட்டுக்காரரும்தான் ஒரு நீல வண்டி வச்சிருக்காரு, எல்லாரும் ஏறி இறங்கற மாதிரி. ரெண்டையும் ஓட விட்டுப் பாருங்க. இது ஜெயிச்சா நான் வாயே திறக்கல. தோத்தா அடுத்த வாரம் வித்துடணும்."

அவர் யோசிக்கவே இல்லை, சரி என்றுவிட்டார். தங்கையின் கணவர் பல் டாக்டர். அவருடையது ஹேட்ச்பேக். பார்க்கச் சாதாரணக் குடும்ப வண்டி, உள்ளே வேகம் கூட்டுகிற டர்போ எஞ்சின். ஆனாலும் முன்சக்கரம் இழுக்கிற வண்டி. அந்த ஜாதி வண்டியெல்லாம் காய்கறி வாங்கப் போவதற்குத்தான் என்று அரைமில்லி இருபது வருடமாகச் சொல்லி வந்தார்.

குறித்த நாளில் விடிந்ததும் மூன்று பேரும் டிராக்குக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சொந்த வண்டிக்காரர்கள் ஓட்டிப் பார்க்கும் நாள். ஆளுக்கு மூன்று தடவை, ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடம். தீப்பெட்டி அளவு கருவி ஒன்றை வண்டியில் பொருத்திவிட்டால், ஒவ்வொரு சுற்றின் நேரமும் காகிதச் சீட்டில் அச்சாகி வந்துவிடும். முதல் இரண்டு தடவைக்குள் எந்த வண்டி ஒரு சுற்றைக் குறைந்த நேரத்தில் முடிக்கிறதோ அதற்கே ஜெயம் என்று பேச்சு.

முதல் தடவை கூப்பே ஒரு நிமிடம் இருபத்தெட்டு புள்ளி நான்கு செகண்டில் ஒரு சுற்று முடித்தது. ஹேட்ச்பேக்குக்கு இருபத்தொன்பது புள்ளி ஒன்பது.

டாக்டர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார். "ஸ்டியரிங்கைத் திருப்பினா திரும்பவே மாட்டேங்குது மச்சான். வாயைத் திறங்கன்னா இறுக்கி மூடிக்கிற பேஷண்ட் மாதிரி அடம் பிடிக்குது."

"டயருக்குக் காத்து எவ்வளவு வச்சிருக்கீங்க?"

"ரேஸுக்குப் போறோமேன்னு வழியில கொஞ்சம் கூடுதலாவே அடிச்சேன்."

அரைமில்லி முகத்தைத் திருப்பிக்கொண்டு டீயை ஊதினார். டயர் சூடானால் உள்ளே காற்று தானாக ஏறும், டிராக்கில் குறைத்துத்தான் வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். மனைவி சீட்டைப் பார்த்துவிட்டு, "ஒன்றரை செகண்ட். சரி, நான் வாயைத் திறக்கல," என்றார். கூப்பே பிழைத்த மாதிரிதான். இனி அவர் செய்ய வேண்டியதெல்லாம் டீயைக் குடித்துவிட்டுச் சும்மா இருப்பதுதான்.

அதுதானே அவருக்கு வராது. கூப்பேயை இரண்டு தடவை சுற்றி வந்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். கண் மட்டும் நீல வண்டியின் முன்சக்கரத்திலேயே நின்றது. ஆறு நிமிடம் தாக்குப்பிடித்தார். ஏழாவது நிமிடம் மண்டியிட்டு அந்த டயரின்மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். நடுவில் கை வைக்க முடியாத சூடு, ஓரங்கள் வெதுவெதுப்பு; காற்று அதிகமாகி நடுப்பகுதி மட்டும் தரையில் தேய்ந்திருந்தது.

"ஏங்க, நீங்க எந்தக் கட்சி?" என்றார் மனைவி.

"கட்சி என்னம்மா கட்சி. வண்டி தப்பா நிக்குது."

காற்றை இறக்கினார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. தன் ஸ்பானர் பெட்டியைத் திறந்து, இரண்டு பக்கமும் போல்ட்டைத் தளர்த்தி, வளைவில் பிடிப்பு கிடைக்க முன்சக்கரங்களின் தலை கொஞ்சம் உள்ளே சாயும்படி வைத்து, நூல் பிடித்துப் பார்த்து, முறுக்கினார். அப்புறம் டாக்டரின் காதில் உபதேசம் வேறு. "வளைவுக்குள்ள போறப்ப பிரேக்கை மொத்தமா விட்டுடாதீங்க மாப்ள. கடைசி வரைக்கும் ஒரு சொட்டு பிடிச்சே இருங்க. மூக்கு தானா உள்ள வரும்."

"இதெல்லாம் ஏன் மச்சான் எனக்குச் சொல்றீங்க? நீங்க ஜெயிக்க வேணாமா?"

"ஓட்டுங்க, பாக்கலாம்."

இரண்டாவது தடவை அரைமில்லி தன்னிடம் இருந்த வித்தையெல்லாம் காட்டினார். வளைவு முடியும் இடத்தில் கூப்பே பின்பக்கத்தை லேசாக ஆட்டிக்கொண்டு கிளம்பும் அழகை, வேலியோரம் நின்றவர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். இருபத்தெட்டு புள்ளி மூன்று. ஹேட்ச்பேக்கை யாரும் படம் பிடிக்கவில்லை. தண்டவாளத்தில் போவதுபோல் ஓசையில்லாமல் ஓடி முடித்தது. இருபத்தெட்டு புள்ளி ஒன்று.

மனைவி சீட்டை மூன்று தடவை படித்தார். ஜெயித்த முகமாக இல்லை அவர் முகம்.

"நீங்க அதுல கை வைக்காம இருந்திருந்தா?"

"நான்தான் ஜெயிச்சிருப்பேன்."

"அப்புறம் ஏன் வச்சீங்க?"

"ரெண்டு வண்டிக்கும்தான போட்டி வச்சோம். பெட்ரோல் பங்க் காத்துக் குழாய்க்கும் எனக்குமா வச்சோம்?" என்றவர், கூப்பேயின் கூரைமேல் கையை வைத்தார். "பேச்சு பேச்சுதான். வித்துடலாம்."

டாக்டருக்குத்தான் சங்கடம். மூன்றாவது தடவைக்குக் கூப்பிட்டபோது தயங்கித் தயங்கிக் கேட்டார். "விக்கப் போறீங்க. அதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை ஓட்டிப் பாக்கட்டுமா மச்சான்?"

சாவிகள் கை மாறின. அரைமில்லி ஹேட்ச்பேக்கில் வேண்டாவெறுப்பாக ஏறினார். மனைவியும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் இரண்டு வளைவுகளில் அரைமில்லி பழக்கதோஷத்தால் பின்பக்கம் தள்ளும் என்று காத்திருந்தார், தள்ளவில்லை. மூன்றாவதில் பிரேக்கை அந்த ஒரு சொட்டு பிடித்து வைத்தார். மூக்கு கத்தி மாதிரி உள்ளே நுழைந்தது, ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் முன்சக்கரங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதுபோல் வளைவைவிட்டு வெளியே இழுத்துப் போயின. மறுபடி மிதித்தார். அவரை அறியாமல் சிரித்துவிட்டார்.

"காய்கறி வாங்கற வண்டின்னு யாரோ சொன்னாங்க," என்றார் மனைவி, கைப்பிடியை இறுக்கிக்கொண்டே.

"பேசாம வாம்மா. அடுத்தது நல்ல வளைவு."

இருபத்தேழு புள்ளி ஆறு. பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு.

கூப்பே கடைசியாக வந்து சேர்ந்தது. பம்பரில் ஒரு பிடி புல், கதவெல்லாம் புழுதி. டாக்டர் இறங்கினார். காது முதல் காது வரை பல். நேரச் சீட்டில் ஒரு நிமிடம் முப்பத்து மூன்று என்று இருந்தது.

"எத்தனை தடவை தட்டாமாலை சுத்திச்சு?" என்றார் அரைமில்லி.

"மூணு. இல்ல, நாலு. ஒரு தடவை வந்த பக்கமே திரும்பி நின்னுட்டேன்."

"அஞ்சு செகண்ட் மெதுவா வந்துட்டு இந்தச் சிரிப்பு எதுக்கு மாப்ள?"

"நாள் பூரா அடுத்தவன் வாய்க்குள்ள ஒரு மில்லி நகராம வேலை பாக்கறவன் நான். இது என்னை இருந்த இடத்துல நிக்க விடல மச்சான்." டாக்டர் சாவியைத் திருப்பித் தரவே இல்லை. "இதை வெளியாளுக்கு விக்காதீங்க. என் வண்டியை நீங்க எடுத்துக்கங்க, இதை எனக்குக் கொடுங்க. வீட்ல நாங்க ரெண்டே பேரு. எங்களுக்கு எதுக்கு அஞ்சு சீட்டு? வேணும்னா உங்க குடும்பத்துக்கே ஆயுசுக்கும் பல் பாத்து விடறேன்."

"அது இப்பவும் சும்மாதான பாக்கறீங்க," என்றார் அரைமில்லியின் மனைவி.

"அப்ப இன்னும் நல்லா பாக்கறேன் அக்கா."

தங்கைக்குப் போன் போட்டார்கள். விஷயத்தை அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு, "எனக்குச் சம்மதம் அண்ணா. ஆனா சொல்லிடுங்க அவர்கிட்ட, வாரத்துல மூணு நாள் ஓட்டப் போறது நானு," என்றாள். டாக்டர் போனை நோக்கித் தலையை ஆட்டினார்.

ஜெயித்தவர் தோற்ற வண்டியைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, தோற்றவர் ஜெயித்த வண்டியை ஓட்டிக்கொண்டு, ஊரைப் பார்த்துத் திரும்பினார்கள். சிவப்புக் கூப்பே முன்னால் போயிற்று. தன் வண்டியின் பின்பக்கத்தை ஓட்டத்தில் அரைமில்லி பார்ப்பது அதுதான் முதல் தடவை. நேராகத்தான் போகிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். டாக்டர் வேண்டுமென்றே ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, சீக்கிரம் வாங்க என்று சைகை காட்டிவிட்டு விரைந்தார்.

மனைவி ஹேட்ச்பேக்கின் சீட்டைப் பின்னுக்குச் சரித்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடத்தில் கூப்பேயில் உட்கார்ந்து மெதுவாகப் போங்க என்பதைத் தவிர வேறு எதையும் சொன்னதில்லை அவர்.

"ஏங்க," என்றார். "அவரு நம்மளைக் கிண்டல் பண்றாரு. பாத்துக்கிட்டே வரீங்க?"

அரைமில்லி ஒரு கியர் குறைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.