பாறைத்திட்டில் நின்றுபோகும் படகு

இருபத்தேழு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவளுக்கு என்ன ஆசை வரும்? மதியம் ஒரு குட்டித் தூக்கம், பக்கத்து வீட்டாரோடு கொஞ்சம் ஊர்வம்பு. டிரைவரம்மாவுக்கு மட்டும் படகு வாங்கும் ஆசை வந்து தொலைத்தது. முதுகுக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகள் கத்தாமல், சாகிறதுக்குள் ஒரு வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கல்லூரி விடுதியில் சமையல் வேலை பார்க்கும் அவள் கணவர் மட்டும் சிரிக்கவில்லை, தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சொல்லுவாங்க. நீ ஏரியில போயே விடப்போறியா?"

"பஸ்ஸையே ஓட்டினவ நான். இந்தப் பொம்மையை ஓட்ட மாட்டேனாங்க?"

அந்த வாய்க்கொழுப்புக்கு அவள் பின்னால் நிறைய அனுபவித்தாள்.

ஏரிக்கரைத் தெருவில் ஒரு தையல்காரி வீட்டில் பழைய மோட்டார் படகு விலைக்கு இருந்தது. நாலு பேர் உட்காரலாம். பின்பக்கம் தொங்கும் எஞ்சின், அதற்குக் குழாய் வழியாகப் பெட்ரோல் கொடுக்கத் தனியாக ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் டாங்க். மூன்று வருடமாகக் கொல்லையில் கவிழ்ந்து கிடந்ததில் படகின் மேல் பாசி ஏறியிருந்தது.

தையல்காரிக்கு ஐம்பது வயது இருக்கும். தைத்துக்கொண்டிருந்த பள்ளிச் சீருடையை மடியில் போட்டுக்கொண்டு, ஊரார் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிட்டாள்.

"தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்கக்கா. இது என் வீட்டுக்காரர் படகு. அன்னிக்குக் காலையில எங்களுக்குள்ள பெரிய சண்டை. தெருவே வேடிக்கை பார்த்துச்சு. 'நான் ஒழிஞ்சு போறேன், நீ நிம்மதியா இரு'ன்னு கத்திட்டுக் கிளம்பினாரு. மத்தியானம் படகு மட்டும் பாறைத்திட்டுப் பக்கம் மிதந்துச்சு. எஞ்சின் மூடி கழண்டு உள்ளே கிடந்துச்சாம். ரெண்டு நாள் கழிச்சு அவரும் கிடைச்சாரு. நெத்தியில ஒரு காயம், பாறையில பட்டிருக்கும்னாங்க."

"நீச்சல் தெரியாதா?"

"மீன் மாதிரி நீந்துவாரு. அதனாலதான் வேணும்னே குதிச்சுட்டாருன்னு ஊரே பேசுது." அவள் சீருடையின் ஓரத்தை விரலால் நீவி நீவி விட்டாள். "என்னை வெறுத்துத்தான் போனாரா, இல்லையா? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சா போதும்க்கா. அது தெரியாமதான் மூணு வருஷமா தூக்கம் இல்ல."

டிரைவரம்மா எழுந்து அவள் தோளைத் தொட்டுவிட்டுப் படகைப் பார்க்கப் போனாள். படகை வண்டியில் ஏற்றி அனுப்பும்போது தையல்காரி டாங்கைக் கையில் கொடுத்து, மூடியின் மேல் இருந்த சின்னத் திருகைக் காட்டினாள். "வீட்டுக்குக் கொண்டுபோறப்ப இதை நல்லா இறுக்கிடுங்க. இல்லன்னா கார் முழுக்க பெட்ரோல் நாத்தம் அடிக்கும்." அதிலிருந்து, படகைத் துறையில் விட்டு டாங்கைக் காரில் வீட்டுக்குக் கொண்டுவரும்போதெல்லாம் டிரைவரம்மா தவறாமல் இறுக்கினாள். சொன்னதைச் செய்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

படகுத்துறையில் எஞ்சின் பழுது பார்ப்பவனுக்கு ஸ்பேனர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே மறந்திருக்கும். முதல் நாளே டிரைவரம்மா அவனுக்கு நல்ல வேடிக்கை காட்டினாள். படகின் அடியில் தேங்கும் தண்ணீரை வடிக்க ஒரு துளையும் அதற்கு ஓர் அடைப்பானும் உண்டு. அந்த அடைப்பானைச் சட்டைப்பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டு ஏரியில் இறங்கிவிட்டாள். கணுக்கால் நனைந்த பிறகுதான் அம்மையாருக்கு உறைத்தது. அடுத்த நாள் திரும்பி வரும்போது துறையை நெருங்கியதும் பழக்க தோஷத்தில் வலது காலை ஓங்கி மிதித்தாள். படகில் ஏது பிரேக்? அதன் மூக்கு போய்ப் படிக்கட்டில் இடித்தது.

"டிரைவரம்மா, ஸ்டாப் வந்திருச்சா? எல்லாரும் இறங்கலாமா?" என்றான் ஸ்பேனர்.

"இறங்கி வந்தேன்னா உன் பல்லு இருக்காது."

ஆனால் கற்றுக்கொண்டாள். ஏரியிலிருந்து வந்ததும் எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் ஓடவிட்டுக் கழுவினாள். பிளக்கைக் கழற்றிக் கம்பித் தூரிகையால் கரி தேய்த்தாள். கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு, சீல் மாற்றினாள். தண்ணீரைத் தள்ளும் விசிறியைக் கழற்றி அதன் தண்டில் சிக்கியிருந்த தூண்டில் நரம்பை ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து உருவினாள். கை நகமெல்லாம் கறுப்பு. கணவர் அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவே யோசித்தார்.

மூன்றாவது வாரம் முதல்முறையாகப் பாறைத்திட்டு வரைக்கும் போனாள். திட்டு கண்ணுக்கு நேரே வந்தபோது எஞ்சின் இரண்டு முறை இருமியது. நின்றுவிட்டது.

அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கவில்லை. பெட்ரோல் தீர்ந்ததோ என்று டாங்க் மூடியைத் திறந்து பார்த்தாள். பாதிக்கு மேல் இருந்தது. மூடிவிட்டு, எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை நாலு முறை இழுத்ததும் ஒன்றுமே நடக்காதது போல எஞ்சின் ஓடியது. சரி, பழசு, இப்படித்தான் இருக்கும் என்று திரும்பினாள். இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் நின்றது. அடுத்த வாரமும் நின்றது. எல்லாம் அதே பாறைக்கு நேரே.

டிரைவரம்மா சுலபத்தில் பயப்படுகிறவள் இல்லை. நாற்பது பிள்ளைகளோடு இறக்கத்தில் பிரேக் போன பேருந்தை மண்மேட்டில் ஏற்றி நிறுத்தியவள். இப்போது அவளுக்குப் பயமாக இருந்தது, பட்டப்பகலில், வெயிலில். எஞ்சின் நின்றதும் படகின் முன்பக்கம் கொஞ்சம் தாழ்வது போல, யாரோ முன்பலகையில் வந்து உட்கார்ந்தது போல இருந்தது. கைப்பிடி ரப்பரில் தையல்காரியின் கணவர் கட்டைவிரல் தேய்த்த பள்ளம் ஒன்று உண்டு. அதில் தன் விரல் படாமல் பிடிக்கத் தொடங்கினாள். வீட்டில் பாத்திரம் கழுவும்போதும் இரண்டு இருமல் சத்தம் காதில் கேட்டது.

ஸ்பேனர் எஞ்சினைக் கழற்றித் தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் நிறுத்தி, தன் கொட்டகை டாங்கிலிருந்தே பெட்ரோல் கொடுத்து ஒரு மணி நேரம் ஓடவிட்டான். துளிகூடப் பிசிறவில்லை.

"எஞ்சின் தங்கம், டிரைவரம்மா. குறையே இல்ல."

"அப்ப ஏன்டா அங்க போய் நிக்குது?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "அவரு ஏறிக்கிறாரோ என்னவோ."

"செருப்பு பிஞ்சிடும்" என்றாள். ஆனால் அன்றைக்கு வீடு போய்ச் சேரும் வரை அவள் வேறு எதையும் நினைக்கவில்லை.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று தத்துவம் பேசிய கணவர், மறுநாள் கார் சாவியை அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்தார். "வித்துடும்மா. இவ்வளவு நாள் உன் கூட இருந்துட்டேன், இனிமே என் சமையலைச் சாப்பிட வேற ஆளு கிடைக்காது" என்று சிரிக்கப் பார்த்தார். கண் சிரிக்கவில்லை. டிரைவரம்மா அரிசியைக் கிளறிச் சாவியை எடுத்தாள். ஏன் நிற்கிறது என்று தெரியாமல் ஒரு வண்டியை அவள் இதுவரை யார் தலையிலும் கட்டியதில்லை.

அன்று காலை பத்து மணி. பாறைத்திட்டு. இரண்டு இருமல். நின்றது.

"வாங்க, உக்காருங்க" என்று முன்பலகையைப் பார்த்து வாய்விட்டே சொன்னாள். இந்த முறை டாங்கைத் தொடாமல் எஞ்சின் மூடியைக் கழற்றிப் படகுக்குள் வைத்தாள். பின்பலகையில் முட்டி போட்டு, எஞ்சினுக்கு அப்பால் உடம்பை நீட்டிப் பிளக்கைப் பிடித்தாள். தூரத்தில் போன ஏதோ படகின் அலை அப்போதுதான் வந்து சேர்ந்தது. படகு ஒரு குலுங்கு குலுங்கியது. முட்டி வழுக்கியது. நெற்றி எஞ்சினின் இரும்பு விளிம்பில் மடேரென்று இடித்து, கண் இருட்டி, பாதி உடம்பு தண்ணீருக்கு மேல் தொங்கியது. பலகைக்கு அடியில் ஒரு பாதம் மாட்டிக்கொண்டதால் பிழைத்தாள். எப்படியோ ஊர்ந்து உள்ளே வந்து விழுந்தாள்.

நெற்றியில் கை வைத்தாள். ரத்தம். பக்கத்தில் கழற்றிவைத்த எஞ்சின் மூடி கிடந்தது.

அவளுக்குப் புரிந்தது. சாகப் போகிறவன் எஞ்சினைத் திறந்து பழுது பார்ப்பானா? மனிதர் கோபத்தில் வந்திருக்கிறார், எஞ்சின் நின்றிருக்கிறது, குனிந்திருக்கிறார். நெற்றியில் அடிபட்டு மயங்கியவனுக்கு நீச்சல் தெரிந்து என்ன பிரயோசனம்?

படுத்த வாக்கில் திரும்பியபோது டாங்க் கண்ணில் பட்டது. அதன் இரண்டு பக்கமும் கன்னம் ஒட்டியது போல உள்ளே ஒடுங்கியிருந்தன. அவள் வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு அந்தச் சின்னத் திருகைத் தளர்த்தினாள். உஸ்ஸ் என்று காற்று உள்ளே போனது, மூச்சு முட்டிக் கிடந்தவர் மூச்சு வாங்குவது போல நீளமாக. 'டப்' என்று டாங்க் பழைய வடிவத்துக்கு வந்தது. உள்ளே காற்று போக வழியில்லாமல் எப்படி வெளியே பெட்ரோல் வரும்? இத்தனை நாளும் அவள் மூடியைத் திறந்து பார்த்தபோதெல்லாம் காற்று புகுந்துதான் எஞ்சின் ஓடியிருக்கிறது. மூடியைக் கையோடு இறுக்கிவிட்டதால் மறுபடி அதே தூரத்தில் நின்றிருக்கிறது. இப்போது ஒரே இழுப்பில் ஓடியது. திட்டைச் சுற்றி ஒரு மணி நேரம் ஓட்டினாள். நிற்கவே இல்லை.

கரையேறிப் படகைக் கட்டி எஞ்சினைக் கழுவிவிட்டு, நெற்றியில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தையல்காரி வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். அவர் குதிக்கவில்லை என்ற பாதியைச் சொன்னால் போதும். திருகை இறுக்கியது யார் கை என்ற மீதியைத் தானே விழுங்கிக்கொள்ளலாம்.

"அவர் குதிக்கலைம்மா. எஞ்சின் நின்னுபோச்சு. சரி பண்ணக் குனிஞ்சாரு, தலையில அடிபட்டு விழுந்துட்டாரு. எனக்கும் இன்னிக்கு அதேதான் நடந்துச்சு."

தையல் இயந்திரம் நின்றது. "எதுக்கு நின்னுச்சு?"

"பழைய எஞ்சின்தானே. குப்பை ஏதாவது அடைச்சிருக்கும்."

"பொய் சொல்லாதீங்கக்கா. திருகுதானே?"

டிரைவரம்மா நெற்றிக் கைக்குட்டையை அவிழ்த்து மறுபடி கட்டத் தொடங்கினாள். அதுவே பதிலாகிவிட்டது.

"நாத்தம் தாங்காம நான்தான் அதை இறுக்கி வைப்பேன்" என்றாள் தையல்காரி. "துறைக்குக் கூடவே போய் நான்தான் தளர்த்தியும் விடுவேன். படகு வாங்கின பதினோரு வருஷத்துல அவர் அதுல கை வச்சதே இல்ல. அன்னிக்குக் கோவத்துல நான் போகல." இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கையை எடுத்தபோது அந்த முகம் தெளிந்திருந்தது. "அப்ப வீட்டுக்குத் திரும்பி வரத்தான் பார்த்திருக்காரு. என்னை வெறுத்துப் போகல. நான்தான் கொன்னிருக்கேன். சரி. அது பரவால்லக்கா."

அந்த நிம்மதியைப் பார்த்து டிரைவரம்மாவுக்கு உடம்பு சிலிர்த்தது. அப்புறம்தான் மற்றது உறைத்தது. மரியாதை எல்லாம் காற்றில் போயிற்று.

"ஏய், அப்ப என்கிட்ட இறுக்க மட்டும்தானே சொன்ன? தளர்த்தணும்னு ஏன் சொல்லல?"

தையல்காரி தரையைப் பார்த்தாள். "நிக்குமான்னு பார்க்கணும்னு இருந்துச்சு. எனக்கு ஓட்டத் தெரியாதுக்கா. வேற யாரை அனுப்பிப் பார்ப்பேன்?"

"அடிப்பாவி! நான் செத்திருந்தா?"

"நீங்க போன ஒவ்வொரு நாளும் நானும் வந்தேன். ஸ்பேனர் கொட்டகைக்குப் பின்னால நின்னு, நீங்க கரையேறுற வரைக்கும் கண்ணை எடுக்காம பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"பார்த்து என்னடி பண்ணியிருப்ப? விழுந்திருந்தா? உனக்கு நீந்தத் தெரியுமா?"

"தெரியாதுக்கா" என்றாள்.