எண்பதைத் தொடாத அத்தான்

என் அக்காவைக் கட்டிய அத்தான் பியானோ ஏற்றி இறக்குகிறவர். ஒரு சுரம்கூட வாசிக்கத் தெரியாது. ஆனால் மூன்றாம் மாடியிலிருந்து, ஆள் ஒருவரே திரும்பச் சிரமப்படும் படிக்கட்டு வழியாக, சுவரில் ஒரு கீறல் விழாமல் இறக்கிவிடுவார். "வாசிக்கிறவன் ஆயிரம் பேரு இருக்கான் மாப்ள. இறக்குறவன் எத்தன பேரு சொல்லு" என்பார். இதற்காக அவர் வைத்திருப்பது ஒரு கனரக பிக்கப் வண்டி. சக்கரம் என் இடுப்பு உயரம். அதில் ஏறும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஏதோ வீட்டுக் கூரைமேல் ஏறுவது போலிருக்கும்.

அந்த வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் அத்தானைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்தது கிடையாது. தொழிலில் அக்காவுக்குச் சரிபாதி வேலை. பட்டைகளை இறுக்குவது, பலகை பிடிப்பது, பியானோவின் சொந்தக்காரர் அழாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவள்தான். சொந்தமாகச் சின்னக் கார் ஒன்று வைத்து ஓட்டுகிறாள். ஆனால் இந்த வண்டியில் அவளுக்கு என்றைக்கும் பக்கத்து இருக்கை, மடியில் டீ ஃபிளாஸ்க். "சீட்டு என் முதுகுக்குப் படிஞ்சிருக்கு. ஒரு தடவ நகத்திட்டா அந்த எடம் திரும்பக் கெடைக்காது" என்று அத்தான் சொல்வார். வண்டியைக் கழுவக் கொடுத்தால்கூட உள்ளேயே உட்கார்ந்து தானும் கழுவப்பட்டுத்தான் வெளியே வருவார்.

விரைவுச் சாலையில் அவர் எழுபத்தெட்டில்தான் போவார். எழுபத்தொன்பது கிடையாது. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்து, விலகி, முந்திப் போகும்போது எட்டிப்பார்த்து ஏதோ சொல்லிவிட்டுப் போகும். அத்தான் கையசைப்பார். டீசல் மிச்சம், டயர் மிச்சம், பியானோவுக்கு மரியாதை என்று மூன்று காரணம் வைத்திருந்தார். நிதானமான மனிதர் என்று நானும் நம்பியிருந்தேன். மற்றவர்கள் ஓட்டும்போது காலால் கற்பனைப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறவன் நான். எனக்கு அவர் தெய்வமாகத் தெரிந்தார்.

உண்மை வேறு. ஆற்றுப் பாலம் தொடங்கும் இடத்தில் சாலையின் குறுக்கே ஓர் இரும்பு இணைப்பு உண்டு. ஒரு நாள் எண்பதில் அதைத் தாண்டியபோது முன்சக்கரங்கள் ஆடத் தொடங்கின. ஆட்டமென்றால் அப்படி இப்படி இல்லை. யாரோ அடியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்து உலுக்குவது போல. கண்ணாடிகள் ஆடின, கதவுகள் ஆடின, அத்தானின் கன்னம் ஆடியது. பின்னால் கட்டியிருந்த பியானோவின் அத்தனை கம்பிகளும் ஒரே நேரத்தில் முனக ஆரம்பித்தன. ஃபிளாஸ்க்கிலிருந்த டீ கூரைக்குப் போனது. வேகம் குறைந்து வண்டி ஓரமாக நிற்கும்வரை ஆட்டம் நிற்கவில்லை. நின்றதும் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாளாம்: "இறங்கலாமா, இல்ல இன்னொரு பாட்டு இருக்கா?"

நான் இணையத்தில் தேடிப் படித்தேன். இந்த வகை வண்டிகளில் முன் அச்சு ஒரே நீளத் தண்டு. அதைப் பிடித்திருக்கும் மூட்டுகளில் எங்காவது தேய்மானம் இருந்தால், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஒரு சின்னக் குழி போதும், ஆட்டம் பிடித்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் இதற்கு 'மரண ஆட்டம்' என்றே பெயர். அக்காவிடம் சொன்னேன்.

"பேரே சரியில்லையேடா" என்றாள்.

அத்தான் உதிரிபாகக் கடைக்குப் போனார். அங்கே ஸ்டியரிங் டேம்பர் என்று ஒன்று கொடுத்தார்கள். ஆட்டத்தை உறிஞ்சிக்கொள்ளும் ஒரு சின்னக் குழாய். மாட்டினார். ஆட்டம் போயிற்று. இரண்டு மாதம் கழித்து வந்தது. அடுத்த டேம்பர். போயிற்று, வந்தது. தலைவலிக்குத் தைலம் தடவுகிற கதைதான். நான்காவது முறை போனபோது கடைக்காரர் அவரைப் பார்த்ததுமே அலமாரிப் பக்கம் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகுதான் அந்த எழுபத்தெட்டு. நோயைத் தீர்க்க முடியாதவர் நோயோடு உடன்படிக்கை செய்துகொண்டார்.

உடன்படிக்கையை முறித்தது ஓர் இறக்கம். பாலத்தின் மறுபக்கச் சரிவில், பின்னால் பாரம் தள்ள, முள் தானாகவே எண்பதைத் தொட்டது. ஆட்டம் பிடித்தது. இந்த முறை வண்டி கோட்டைத் தாண்டி அடுத்த தடத்துக்குள் அரை அடி போய்விட்டது. அங்கே ஒரு பள்ளி வேன். அதன் கடைசி ஜன்னலில் இருந்த குழந்தை, இவ்வளவு பெரிய வண்டி தனக்காக ஆடிக் காட்டுகிறது என்று நினைத்து, சிரித்துக்கொண்டே கையசைத்தது.

சனிக்கிழமை இசைப் பள்ளியின் பெரிய கச்சேரிப் பியானோவை அதே பாலம் வழியாகக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் அக்கா ஃபிளாஸ்க்கைக் கழுவி அலமாரியில் கவிழ்த்து வைத்தாள்.

"இது சரியாகாம நான் ஏற மாட்டேன். நான் ஏறலன்னா நீங்களும் போக மாட்டீங்க."

"எழுபத்தஞ்சுல போறேன்."

"அந்தக் கொழந்த கிட்டயும் சொல்லிடுங்க, எழுபத்தஞ்சுல வராருன்னு."

மறுநாள் காலை மூவருமாகப் பட்டறைக்குப் போனோம்.

முன்பக்க வேலை மட்டுமே செய்யும் பட்டறை அது. நடத்துகிறவருக்குக் 'குறடு' என்று பட்டப்பெயர். நாற்பது வயதுப் பெண்மணி. ஒன்றைப் பிடித்தால் விட மாட்டார். அத்தான் ஒரு வருஷத்துக்கு முன்பே ஒருமுறை வந்து, குறடு சொன்னதைக் கேட்காமல் போனவர்.

"என்ன அண்ணே, எத்தனாவது டேம்பர்?" என்றார் குறடு.

"நாலு."

"மூட்டு எல்லாத்தையும் பாக்கணும்னு அன்னைக்கே சொன்னேன்ல? வண்டியக் குழிமேல நிறுத்துங்க. சக்கரம் தரையில பாரத்தோட இருக்கணும். எஞ்சின் ஓடணும். மேல ஒருத்தர் உக்காந்து ஸ்டியரிங்க கொஞ்சம் இப்பிடி, கொஞ்சம் அப்பிடித் திருப்பிக்கிட்டே இருக்கணும். கீழ நின்னு பாத்தா எது ஆடுதுன்னு அதுவே சொல்லிரும்."

"நான் மேல உக்கார்றேன். நீங்க பாத்து சொல்லுங்க."

"நான் சொன்னா நீங்க டேம்பர் வாங்கப் போயிருவீங்க. நீங்களே எறங்கிப் பாருங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்தச் சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மேலே, ஒருவர் கீழே. அத்தான் இத்தனை நாளும் தனியாகவே வண்டிக்கடியில் படுத்து ஒவ்வொரு மூட்டையும் கையால் அசைத்துப் பார்த்திருக்கிறார். கைக்கு எதுவும் அசையவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்ப இன்னொரு ஆளை அவர் இருக்கையில் உட்கார வைத்ததில்லை.

அத்தான் என்னைப் பார்த்தார். நான் குழியைப் பார்த்தேன். அக்கா கதவைத் திறந்து ஏறிவிட்டாள்.

"இந்தா, சீட்ட மட்டும் நகத்தாத" என்று சொல்லிக்கொண்டே அத்தான் குழிக்குள் இறங்கினார்.

மேலேயிருந்து 'டக் டக் டக்' என்று மூன்று சத்தம் கேட்டது.

"நகத்திட்டியா?"

"கையெட்ட வேண்டாமா?"

அத்தான் கண்ணை மூடித் திறந்தார். எஞ்சின் உறுமியது. அக்கா ஸ்டியரிங்கை இடமும் வலமும் சின்னச் சின்னதாக ஆட்டினாள். குறடு டார்ச்சை ஒவ்வொரு மூட்டாகக் காட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். முன் அச்சு பக்கவாட்டில் நழுவாமல் பிடித்திருக்கும் கம்பி. ட்ராக் பார் என்றார். அது வண்டியின் இரும்புச் சட்டத்தோடு சேரும் போல்ட்டின் மேல் அத்தானின் விரலை எடுத்து வைத்தார். ஒவ்வொரு திருப்பலுக்கும் கம்பியின் முனை, விழப்போகிற பல் மாதிரி, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வந்தது. போல்ட் துளை வட்டமாக இல்லை. முட்டை மாதிரி ஆகியிருந்தது.

"ஆடுது" என்றார் அத்தான். அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டது அதுவே முதல் தடவை.

"இந்தக் கம்பியக் கடைசியாக் கழட்டி மாட்டினது யாரு?" என்று குறடு கேட்டார். "வண்டியத் தூக்கி வெச்சுக்கிட்டே, இறுக்கம் பாக்குற அளவுக் கருவி இல்லாம, கையாலயே முறுக்கியிருக்காங்க. போல்ட் கொஞ்சம் கொஞ்சமாத் துளையத் தின்னிருக்கு. எந்த முட்டாப்பய செஞ்சானோ."

அத்தான் டார்ச்சின் பொத்தானை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வாசலில், அந்தக் கம்பியைக் கழற்றி அதன் ரப்பர் புஷ் மாற்றியவர் அவர். அப்போது "இறுக்கம் எவ்ளோன்னு என் கை சொல்லும்" என்று என்னிடம் பெருமைப்பட்டதும் அவரே.

மேலே ஜன்னலிலிருந்து அக்காவின் தலை எட்டிப்பார்த்தது. "அந்த முட்டாப்பய குழிக்குள்ளதான் இருக்காரு. கேட்டுக்கங்க."

புதுத் தாங்கி, புதுக் கம்பி, தேய்ந்திருந்த இரண்டு பந்து மூட்டுகள். வெள்ளி மாலை வேலை முடிந்தது. குறடு அளவுக் கருவியால் போல்ட்டை முறுக்கி, அதன் தலையிலிருந்து சட்டம் வரை மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுத்தார். "கோடு ரெண்டாப் பிரிஞ்சா போல்ட் நகந்துருக்குன்னு அர்த்தம். வாங்க. டேம்பர் கடைக்கில்ல, இங்க."

சனிக்கிழமை காலை பியானோவை ஏற்றிக் கட்டுவதற்கு முன்னால் வெறும் வண்டியில் பாலம் வரை போய்ப் பார்ப்பது என்று முடிவானது. நான் பின்னிருக்கையில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அத்தான் ஓட்டினார். எழுபத்தாறு, எழுபத்தேழு, எழுபத்தெட்டு. அங்கேயே நின்றது.

"மிதிங்க."

"மிதிக்கிறேன்."

"முள்ளு அப்படிச் சொல்லலையே."

"கால் போக மாட்டேங்குது" என்றார் அத்தான். அவர் நெற்றியில் வியர்வை. "வேன்ல அந்தக் கொழந்த..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

அக்கா கேலி எதுவும் பேசவில்லை. ஓரமா நிறுத்துங்க என்று மட்டும் சொன்னாள். இறங்கி வண்டியைச் சுற்றி வந்து, அவர் பக்கக் கதவைத் திறந்தாள். அத்தான் இறங்கினார். 'டக் டக் டக்.' ஃபிளாஸ்க் அவர் மடிக்குப் போனது.

எண்பது. எண்பத்து மூன்று. இரும்பு இணைப்பு வந்தது. 'தட்' என்று ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மீதி ஆட்டத்துக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றியிருந்த டீ லேசாக ஒரு வளையம் போட்டு அடங்கியது.

திரும்பிப் போய்க் கச்சேரிப் பியானோவை ஏற்றினோம். மறுபடி பாலம். பட்டைகளை இறுக்கியது அத்தான், ஓட்டியது அக்கா. பின்னால் பியானோ வாயே திறக்கவில்லை. எங்களை யாரும் ஹாரன் அடித்து முந்தவும் இல்லை. பாலம் தாண்டிய பிறகு அத்தான் எட்டி முள்ளைப் பார்த்தார்.

"எண்பத்திரண்டுல போற. கொஞ்சம் கொற."

"ஏன், டீசலா?" என்றாள் அக்கா.

"பியானோவுக்கு மரியாதை" என்று சொல்லிவிட்டு, அத்தான் மூடியில் இருந்த டீயைக் குடித்தார்.