யன்னலில் தெரிந்த மணிக்கோபுரம்

என் ஒரே தங்கையிடம் நான் பொய் சொன்னேன். பிரான்சில் ஒரு விடுதி அறையில் இருந்துகொண்டு, ரொறன்ரோவில் குளிர் தொடங்கிவிட்டது என்று அவளுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

காரணம் அற்பமானது. நான் அறிந்த அவளுடைய வீடு பாரிசில் இரண்டு அறை பிளாட். அதற்குள் ஆறு பேர். நாங்கள் போனால் தன் கட்டிலைத் தந்துவிட்டு அவள் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் படுப்பாள். எழுபது வயதில் எனக்கு வசதி வேண்டியிருந்தது. பாரிசிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம் தள்ளி, ஒரு கிராமத்தில், காலை உணவும் தருகிற விடுதியை இணையத்தில் பிடித்தேன்.

"உங்கட தங்கச்சி அறிஞ்சால்?" என்றாள் மனைவி.

"நீர் சொல்லாட்டில் ஆர் சொல்லப்போகினம்?"

அறை நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. அமுங்காத மெத்தை, கஞ்சி போட்ட வெள்ளை விரிப்பு. காலையில் வீட்டுக்காரி சூடான பாணும் தானே காய்ச்சிய பழப்பாகும் கொண்டுவந்து வைப்பார். நான்கு இரவும் நன்றாக உறங்கினேன்.

ரொறன்ரோவில் எங்கள் வெக்ஸ்போர்ட் வீட்டுக்குத் திரும்பியதும், யன்னலோரம் நான் கோப்பி குடிக்கும் படத்தை மனைவி தன் தங்கைக்கு மட்டும் அனுப்பினாள். அவள் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள், "பிரான்சிலை அத்தான், ராசா மாதிரி" என்ற வரியோடு.

அன்று மாலை என் தங்கை அழைத்தாள். கோபப்படுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"அண்ணை, அந்த யன்னலுக்காலை தெரியிறது எங்கட மாதா கோயிலின்ரை மணிக்கோபுரம். நான் ஞாயிறு பூசைக்கு அங்கைதான் போறனான்."

"நீ பாரிசிலையெல்லோ இருக்கிறாய்?"

"இங்காலை வந்து மூண்டு வருசம். உங்களுக்குச் சொன்னனான். வீடு பெரிசு, உங்களுக்கெண்டு ஒரு அறை விட்டிருக்கு எண்டும் சொன்னனான். ஓம் ஓம் எண்டனீங்கள்."

கதிரையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன். அவள் பேசும்போதெல்லாம் ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு, நான் பத்திரிகை வாசிப்பது வழக்கம்.

"நீங்கள் நிண்ட ஞாயிறும் நான் பூசைக்கு வந்தனான். மணி உங்களுக்குக் கேட்டிருக்கும்."

கேட்டிருந்தது. தலையணையைக் காதில் அமர்த்திக்கொண்டு மறுபடி உறங்கியிருந்தேன்.

அடுத்த வசந்தத்தில், அவளுக்கு அறிவித்துவிட்டுத் தனியாகப் போனேன். அவளும் மகனும் ரயில் நிலையத்துக்கு வந்தார்கள். கார் அதே விடுதியின் வாசலில் நின்றது.

"உங்களுக்குப் பிடிச்ச அறைதான் அண்ணை. எப்பவோ சொல்லி வைச்சிட்டன்."

"நான் உன்ரை வீட்டிலை நிக்கத்தான் வந்தனான்."

"எங்கட கட்டில் உங்கட இடுப்புக்குச் சரிவராது."

குரலில் குத்தல் இல்லை. மகன் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்து இரவு அந்த மெத்தையில் விழித்துக் கிடந்தேன். ஞாயிறு முதல் மணிக்கே எழும்பி அவளோடு பூசைக்குப் போனேன். மதியச் சாப்பாட்டுக்குத் தினமும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஓர் அறை எப்போதும் மூடியிருந்தது. கடைசி நாள்தான் கேட்கத் துணிவு வந்தது.

"அது இப்ப பேத்தியின்ரை அறை," என்றாள், என் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தபடி.